அவர் போக மறுத்த தோட்டம்

பதுளையில் உபதேசியார் வகுப்புக்கு ஆசிரியராக நான் யாழ்ப்பாணத்திலிருந்து போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பண்டாரவளையில் இறங்கிப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினேன். ஏற்றம் வந்த இடங்களிலெல்லாம் மாடுகளுக்கு இரங்கி இறங்கி நடந்தேன். வந்து சேர்ந்தபோது சட்டை முழுவதும் செம்மண்.

வகுப்பு என்பது சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான். தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் எவ்வளவு கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது; மாணவர்கள் எழுதுவதற்கு ஏதாவது கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பேன். ஏழு மாணவர்கள், இரண்டு வருஷப் படிப்பு. முடித்தவர்களைத் தோட்டங்களுக்கு உபதேசியாராக அனுப்புவார்கள். ஞாயிறு ஆராதனை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகளுக்கு எழுத்து, நோயாளி வீட்டு ஜெபம், அடக்கம் எல்லாம் அவர்கள் தலையில். வகுப்பின் தலைவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். தமிழை மெதுவாகவும் பிழையில்லாமலும் பேசுவார். மாதத்தில் பாதி நாள் குதிரையில் தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். ஆகவே வேதபாடம், சபை வரலாறு, இலக்கணம், பிரசங்கம் எழுதுதல் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன.

பிரசங்கம் கற்பிப்பதில் எனக்கு நல்ல பேர் இருந்தது. வந்த முதல் மாதம் மாணவர்களுக்கு ஒரு மாதிரி காட்டுவதற்காக ஒரு தோட்டத்தில் என் யாழ்ப்பாணத் தமிழில் முக்கால் மணி நேரம் பேசினேன். முடிந்ததும் ஒரு வயதானவர் கைகூப்பி, "சாமி ரொம்ப நல்லா பேசுனாங்க. இங்கிலீசு இவ்வளவு இனிமையா இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். அன்றுமுதல் நான் அவர்கள் பேச்சைப் பழக முயன்றேன். வாய்க்கு முழுவதும் வரவேயில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்துபோனவர். வகுப்புக்கு வருமுன் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். நூறு பேரை மலையில் வேலை வாங்கிய குரல் அவருக்கு. பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றபின் கங்காணி வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகி, வகுப்பில் சேர்ந்திருந்தார். விடியற்காலை மணி அடிக்குமுன் எழும்பி முற்றத்தில் நின்றுவிடுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வரும்போது அவர் கண் தானாகவே எண்ணும். அது பெரட்டுக்களப் பழக்கம். அதிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற பழக்கம். மற்ற ஆறு பேரும் லயங்களில் பிறந்தவர்கள். வகுப்பில் சகோதரர் என்றாலும் அவர் எதிரில் அவர்களுடைய முதுகு கொஞ்சம் வளையும்.

சனிக்கிழமைதோறும் யார் எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று நான் ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டுவேன். சனி மாலை போய், ஞாயிறு பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு குறிப்பிட்ட தோட்டத்துக்கு அவர் முறை வரும்போதெல்லாம் வேறு ஒருவர் போய்வந்தார். ஒருமுறை கால் வலி, ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை ஒரு மாணவனிடம் சொல்லி மாற்றிக்கொண்டார். அது அவர் கங்காணியாக இருந்த தோட்டம் என்று பிறகு அறிந்தேன். தன்னிடம் கைகட்டி நின்ற ஆட்கள் முன்னால் சாதாரண உபதேசியாராக நிற்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பெருமையை உடைப்பது ஆசிரியன் வேலை என்றும் நினைத்தேன்.

அவரைக் கூப்பிட்டு, "ஏன் நீங்கள் ஒவ்வொரு முறையும் மாத்திக்கொள்ளுறியள்?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டம் மட்டும் வேணாங்க ஐயா. வேற எங்க வேணும்னாலும் போறேன். அப்புத்தளை வரைக்கும் நடந்தே போறேன்."

"காரணம் சொல்லுங்கோ."

"கேக்காதீங்க ஐயா" என்றார்.

"இடம் பாத்துப் போற ஆக்கள் ஊழியத்துக்குச் சரிவராது. வாற ஞாயிற்றுக்கிழமை அங்கைதான் நீங்கள் பேசவேணும். நானும் உங்களோடை வாறன்" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டுபேரும் புறப்பட்டோம். தோட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை வெயில் ஏறியபிறகு லயத்தின் எதிரில் ஆட்கள் கூடினார்கள். வழக்கமாக நாலைந்து பேர் வருகிற இடத்தில் அன்று நாற்பது பேருக்கு மேல். பழைய கங்காணி வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியிருந்தது. ஆண்கள் தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காணாமற்போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை அவர் ஆயத்தம் செய்திருந்தார். நான்தான் திருத்திக் கொடுத்திருந்தேன். வேதத்தைத் திறந்து வாசித்தார். குரல் அடங்கி இருந்தது. பேச ஆரம்பித்து, மற்ற ஆடுகளை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான் என்று சொன்ன இடத்தில், நடு வாசற்படியிலிருந்து ஒரு பெண் எழும்பினாள். முப்பது வயதிருக்கும். அவள் கத்தவில்லை.

"கங்காணி, என்னைத் தெரியுதா?"

அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "தெரியுதும்மா."

"ஆட்டைத் தேடிப் போனாங்கன்னு சொல்றீங்களே. என் புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சுன்னு புள்ளக் காம்பராலருந்து மலைக்கு ஆள் வந்தப்ப, நீங்க என்ன சொன்னீங்க? அதை இவங்களுக்குச் சொல்லுங்க."

பிள்ளைக் காம்பரா என்றால் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறை. ஒரு கிழவி பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

அவர் வாசித்த இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தைத் தாழ்த்தினார். பிறகு, "நிரையை முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்" என்றார்.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தை மூடினார். நான் அதுவரை கேட்டிராத, மலையில் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு விட்ட வரிசையில இன்னும் பாதி செடி இருந்துச்சு. நிரையை முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன். இவ கால்ல விழுந்தா. அப்பவும் விடல. இவ காம்பராவுக்குப் போறப்ப புள்ள செத்துப்போச்சு. மறுநாள் பெரட்டுக்கு ஏன் வரலைன்னு ஆளும் அனுப்புனேன்."

ஏதாவது செய்யவேண்டும், இந்தக் கூட்டம் கையை விட்டுப் போகிறது என்று மட்டும் தோன்றியது. நான் முன்னே வந்து, "அம்மா, அவர் இப்ப மனந்திரும்பின மனுசன். தேவன் அவரை மன்னிச்சிட்டார். நீங்களும் மன்னிச்சா..." என்று தொடங்கினேன்.

"சாமி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் ஒங்ககிட்ட கேக்கல" என்றாள் அவள்.

நான் பின்னால் போய் நின்றேன்.

"நான் என்னம்மா செய்யணும்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். இந்தப் பக்கம் வராதீங்க. அது போதும்."

"சரிம்மா. வரமாட்டேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை. நாங்கள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கூட்டம் விலகி வழி விட்டது; ஆனால் நாங்கள் வளைவு திரும்பும்வரை யாரும் கலையவில்லை.

பாதித் தூரம் வந்ததும் ஓர் ஓடைக்கருகில் முகம் கழுவ நின்றோம். அவர்தான் முதலில் பேசினார்.

"ஞானஸ்நானத்துக்கு முன்னாடி பாதிரியார்கிட்ட இதைச் சொல்லிட்டேங்க. ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுகிட்டதான் சொல்லல. அவ மொகத்தப் பாக்க தைரியம் இல்ல. அதான் போகல."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க குறுக்க பேசியிருக்கக் கூடாதுங்க ஐயா. மன்னிக்கிறதா வேணாமான்னு அவதான் சொல்லணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று கோபம் வந்தது. ஒரு மாணவன் என்னைத் திருத்துகிறான் என்ற கோபம். அது தணிந்து அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஒரு வாரம் போயிற்று.

பாதிரியார் திரும்பி வந்தபோது நடந்ததைச் சொன்னேன்.

"அவர் பிரசங்கம் செய்தாரா?" என்று கேட்டார்.

"முடிக்கவில்லை."

"மக்கள் எழுந்து போனார்களா?"

"ஒருவரும் போகவில்லை."

பாதிரியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். உம்மிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். இது என் தவறு" என்றார். என் தவறு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அதற்குள் கதை மற்ற மாணவர்களுக்கும் எட்டிவிட்டது. அவர்களில் ஒருவன், அமைதியான பையன், சாப்பாட்டு நேரத்தில் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார ஆரம்பித்தான். கேட்டதற்கு, "என் தங்கச்சியும் காம்பராலதாங்க செத்துச்சு. எந்தக் கங்காணின்னு எனக்குத் தெரியாது" என்றான். நான் அவனை வற்புறுத்தவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே சாப்பிட்டான். பிறகு ஒருநாள் மழை, வெளியே உட்கார இடமில்லை, உள்ளே வந்தான். பழைய கங்காணி நகர்ந்து இடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

அவரோ வகுப்பை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். வாயைத் திறந்தால் அந்த நிரைதான் வருகிறது என்றார். வருஷம் முடியும்வரை இரும் என்று பாதிரியார் கேட்டுக்கொண்டார். இருந்தார், ஆனால் பல மாதங்கள் எங்கும் பேசப் போகவில்லை. சனிக்கிழமைகளில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், தோட்டங்களிலிருந்து வந்து படுத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என்று இருந்தார். அவருடைய கையெழுத்து அந்தக் கடிதங்களில்தான் திருந்தியது.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். அடுத்த வருஷம் புதிய மாணவர்கள் வந்தபோது, பட்டியல் எழுதுமுன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, போகமுடியாத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். சிலர் இல்லை என்றார்கள். சிலர் ஒரு தோட்டத்தின் பேரைச் சொன்னார்கள். ஏன் என்பதை அவர்களாகச் சொல்லும்வரை நான் கேட்கவில்லை.

படிப்பு முடிந்தபின் அவரைப் பெரகலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். அவருடைய பிரசங்கம் சுமார்தான் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அங்கே அவர் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் காம்பராவுக்குப் போய் எட்டிப்பார்ப்பார். ஏதாவது பிள்ளைக்கு உடம்பு காய்ந்தால் நேரே மலைக்கு ஏறி, தாயைக் கூப்பிட்டு, கங்காணி விடும்வரை அவன் எதிரில் நின்றுகொண்டிருப்பார். சண்டை போடமாட்டார். "நானும் கங்காணியா இருந்தவன்தாம்பா. விட்டுரு" என்று மட்டும் சொல்வாராம். மூன்று கங்காணிகள் சேர்ந்து தோட்டத்தை நடத்துகிற துரையிடம் முறையிட்டார்கள். வேலை கெடுகிறது என்று துரை அவரைத் தோட்டத்துக்குள் வரவேண்டாம் என்றார். பாதிரியார் எவ்வளவோ சொல்லியும் துரை இறங்கவில்லை. பிறகு வேறொரு தோட்டம் பார்த்து அனுப்பினார்கள். அங்கேயும் அதையேதான் செய்தார். அந்தத் துரை கண்டுகொள்ளவில்லை. அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

சில வருஷங்களுக்குப் பிறகு பதுளை ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்கதானே அன்னைக்கு வந்த யாழ்ப்பாணத்து சாமி?" என்றாள். எனக்கு முகம் மறந்திருந்தது, குரல் நினைவிருந்தது. மூத்த மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். சுகமாகப் பெற்றுவிட்டாள் என்றாள்.

"அந்தக் கங்காணி இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். அவர் செய்கிற வேலையையும் சொன்னேன். மகளுக்குக் கொண்டுவந்த சுடுதண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செய்யட்டும்" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி, "நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லிறாதீங்க சாமி" என்றாள்.

"சொல்லமாட்டன்" என்றேன்.

அடுத்த மாதம் அவரைப் பார்த்தபோது, அவளைச் சந்தித்ததை மட்டும் சொன்னேன். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். ஆணா பெண்ணா என்று கேட்டார். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.