பெல்ட்டின் மேல்முனை

பல்லடம் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் மருதாசலத்துக்கு மாடியில் வேலை. சரிவான கன்வேயர் பெல்ட்டில் ஏறிவரும் மக்காச்சோள மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்ட வேண்டும். பெல்ட் வருவதற்கு முன் அதே மூட்டைகளைத் தலையில் சுமந்து படியேறியவர். அதனால் இன்றைக்கும் மூட்டை தானாக மேலே வருவதைப் பார்த்தால் மனிதருக்குக் கண் சொக்கிவிடும். வயது நாற்பத்தெட்டு. மனைவி இறந்து பத்து வருஷம் ஆகிறது.

கீழ்முனையில் பாவாத்தாள். கணவனை இழந்தவள், மகள் அன்புக்கரசியைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பெல்ட்டில் நேராக்கி வைப்பாள். கிழிசல் இருந்தால், சோளம் சிந்தாதபடி அந்தப் பக்கத்தை மேலே திருப்பி அனுப்புவாள். மாடியிலிருந்து பார்த்தால் அவளுடைய தலைத்துண்டும் கைகளும் மட்டும்தான் தெரியும். நாலு வருஷமாக அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலை டீ குடிக்கும்போது கேட்டே விட்டார்.

“ஏனுங்க அம்மணி, நாம ரெண்டு பேரும் ஒரே ஊட்ல இருந்தா என்னங்க?”

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டாள்.

பாவம், மனிதர் மூட்டைகளில் பதில் தேட ஆரம்பித்தார். நேராக வந்தால் சம்மதம், கோணலாக வந்தால் இல்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையா இது! ஜன்னல் வெயிலில் சோளத்தூசி மிதந்தது. கொடுமுடி ஆற்றில் பரிசலில் உட்கார்ந்திருப்பதுபோல் தரை மெல்ல அசைந்தது. எங்கோ ஒரு சமையலறை, இரண்டு தட்டுகள், “சோறு ஆறுதுங்க” என்று ஒரு குரல். தொட்டி நிரம்பி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குக் கடைசி மூட்டை வந்தது. கோணலாக வந்தது. அவருக்கு அழுகை முட்டியது.

வழக்கமாக உடனே மோட்டார் நிற்கும். அன்று பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தார். கீழே அந்தக் கைகளைக் காணோம். கோபத்தில் நிறுத்தாமலே போய்விட்டாள் என்று நினைத்துத் திரும்பினார்.

படியின் உச்சியில் மூச்சு வாங்க நின்றாள் பாவாத்தாள்.

“மோட்டார் ஓடுதுங்களே,” என்றார்.

“நிறுத்துனா வேல முடிஞ்சுதுன்னு நீங்க கெளம்பிப் போயிருவீங்க. அதான் ஓட உட்டுப்போட்டு வந்தேனுங்க,” என்றாள். “வாங்க, நம்ம அன்புக்கரசிக்குப் போன் பண்ணோணும்.”