நான் கூட்டிச் சொன்ன நூறு

என் கணவரின் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை அவரிடமே பொய்யாகச் சொல்லி வந்தேன். ஏழு மாதம். தெரிந்தேதான் சொன்னேன்.

எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவரோ கப்பல் ஆபீஸில் கிளார்க். நாற்பது வருடம் பேப்பரை அவர்தான் படிப்பார். உலகத்தில் என்ன நடந்தது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்த மகன், அவர் கையில் ஒரு சென்சாரை ஒட்டிவிட்டு, அது காட்டும் எண்ணைப் பார்க்கும் ஆப்பை என் ஃபோனில் போட்டுக் கொடுத்தான். அந்தச் சின்ன எழுத்து அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து படித்துச் சொல்கிறவள் நான்... அந்த ருசியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

"ஃபோனே வாய்விட்டுச் சொல்ற மாதிரி வெச்சுத் தரேம்மா. அப்பாவே கேட்டுக்குவாரு" என்றான் மகன்.

"எதுக்குடா? நான் என்ன ஊமையா?" என்றேன்.

நூற்றுப்பத்து காட்டினால் இருநூற்றுப்பத்து என்பேன். உள்ளதைச் சொன்னால் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரி தரும் ரசகுல்லாவுக்குக் கை நீட்டுவார். அவரை அடக்கத்தான்... இல்லை, அது பாதி உண்மை. எண்ணைக் கேட்டதும் அவர் முகம் வாடும். இன்றைக்கு எதைச் சாப்பிடலாம் என்று என்னைக் கேட்பார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதுவரை அவருக்கு இன்சுலின் ஊசி ஒரே அளவுதான். ஏழாவது மாதம் டாக்டர், எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கச் சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். யோசிக்கவில்லையா? யோசிக்க விரும்பவில்லையா?

அந்த வாரமே ஒரு நாள் காலை எண்பத்தெட்டு. நூற்றெண்பத்தெட்டு என்றேன். அவர் ஊசிப்பேனாவின் கிளிக்கை எண்ணிக் கூட்டிப் போட்டுக்கொண்டார். இரண்டு இட்லிக்கு மேல் நான் வைக்கவில்லை.

அக்கரை போக இருவரும் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறும்போது, சர்க்கரை இறங்கினால் அடிக்கும் அலாரம் ஃபோனில் கத்தியது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அமுக்கி அணைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அக்கரையில் சாத்தம் துறை வருவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. எழுந்தார், இரும்புப் படியில் விழுந்தார். "மீட்டா தோ, ஜல்தி!" என்று யாரோ ஒரு அம்மாள் கத்தி, தன் பையிலிருந்த மிட்டாயை அவர் வாயில் திணித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். "காலைல எண்பத்தெட்டுதானே இருந்திருக்கு. எதுக்கு இவ்வளவு போட்டீங்க?"

கட்டிலில் கிடந்த என் கணவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். அந்தக் கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ...

"கிளிக்கைத் தப்பா எண்ணிட்டேன் டாக்டர்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். தலையாட்டுகிறார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போகிறார். விரலில் குத்திப் பார்க்கும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது, எண் பெரிதாகத் தெரியும். குத்துவது வலிக்கிறதென்று ஒரு காலத்தில் தூக்கிப் போட்டது.

அவர் லுங்கியில் தினமும் பொட்டுப் பொட்டாக இரத்தம். சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன்.