பதினாலும் பதினைந்தும்

என் போனில் ஒரு கெட்டுப்போன படம் இருக்கிறது. இதுவரை மூன்று போன் மாற்றிவிட்டேன். எது போனாலும் போகட்டும் என்று விட்டாலும் இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அடுத்த போனுக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய ஓவியத்தின் அச்சுப்படத்தை நேர் எதிரே நின்று எடுத்தது அது. ஐரோப்பிய அரச குடும்பம் ஒன்றின் கலியாணக் கூட்டம். நடுவில் கறுப்பு உடுப்பில் கிழட்டு மகாராணி, அவரைச் சுற்றிப் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று பதக்கமும் விசிறியும் மீசையுமாக முப்பதுக்கு மேற்பட்ட தலைகள். படம் எடுத்த நேரம் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்துவிட்டது. என் பக்கத்தில் துடைக்கிற துணியோடு நின்ற அக்காவின் உருவமும் அந்த ராஜகூட்டத்துக்குள்ளேயே நிற்பதுபோலப் பதிந்துவிட்டது. "ஐயோ, கெட்டுப்போச்சுக்கா, இன்னொண்ணு எடுக்கிறேன்" என்றேன். "விடு புள்ள, மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்றார் அக்கா. யாருடைய மூஞ்சி என்று நான் கேட்கவில்லை.

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரை குடியிருந்த பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். நான் அங்கே வரவேற்பு மேசையில் ஆறு வருஷம் வேலை செய்தேன். இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்ற ஒரே தகுதியில் கிடைத்த வேலை அது. அக்கா துரை காலத்திலிருந்தே அந்தப் பங்களாவில் இருந்தவர். தரை, தளபாடம், கண்ணாடி, வெள்ளிச் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது தாண்டியிருந்தது, கலியாணம் ஆகவில்லை. மெனேஜரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னை 'புள்ள' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் வயதில் சின்னப் பெண்களைத் தங்கச்சி என்று கூப்பிடுவது வழக்கம். அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்தப் படம் சாப்பாட்டு அறையில் தொங்கியது. அதன் கீழே இன்னொரு சிறு சட்டம். அதில் அதே கூட்டம், ஆனால் முகமில்லாமல், தலைகளின் வெறும் கோடுகள். ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓர் எண், அடியில் எண்வாரியாகப் பெயர்கள். வாயில் நுழையாத பெயர்கள். விருந்தாளிகளுக்குச் சொல்லவேண்டும் என்று மெனேஜர் ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்திருந்தார். இந்த அரச குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் தங்கள் ராஜ்யங்களைக் காப்பாற்றிக்கொண்டன, இப்படி உறவாகி ஒரே படத்தில் நின்றவர்கள் பின்னாளில் ஒருவர்மேல் ஒருவர் படை அனுப்பினார்கள் என்று கிளிப்பிள்ளையாக ஒப்பிப்பேன். நம் கண்டி ராஜாக்களும் மதுரையிலிருந்துதான் ராணி எடுத்தார்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அது உள்ளூர்ப் பெருமைக்கு. ஒருநாள் அக்கா அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன். "மதுரையிலருந்தா? இந்த மலைக்கா? குளுருல அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டுச்சோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவங்கள யாரும் இப்படிக் கூட்டமா நிக்க வச்சு வரையலியா?" என்றார்.

அதிலிருந்து படத்தில் அவருக்கு ஓர் ஈடுபாடு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாகத் துடைத்த கண்ணாடிக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் என்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரிந்தபின் சும்மா விடுவாரா? பெயர் அவருக்கு வேண்டியதில்லை, முறைதான் வேண்டும். விருந்தாளிகள் வெளியே போன பகல்பொழுதில் நான் எண்களைப் படித்துச் சொல்ல, அவர் கணக்குப் போடுவார். விசிறிக்காரம்மாவும் தொப்பிக்காரம்மாவும் ஓரகத்திகள். மீசைக்காரர் இந்தக் குட்டைப் பையனுக்குத் தாய்மாமன். "அப்ப அந்தப் பையன் மாமன்கிட்ட என்ன சீர் வாங்கினானோ!" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தக் குளிர்ந்த அறையில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

இப்படியே ஒருநாள் மணமக்களிடம் வந்தோம். மணப்பெண் பதினாலாம் எண், மாப்பிள்ளை பதினைந்தாம் எண். தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன்: இரண்டு பேருடைய அம்மாக்களும் கூடப்பிறந்த அக்கா தங்கைகள். அக்காவின் துணி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அண்ணன் தங்கச்சில்ல?"

"நம்ம கணக்குல அப்படித்தான். அவங்க ஊர்ல அது தப்பில்லக்கா."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்றதா? அந்தக் கெழவியே முன்ன நின்னு கட்டிவச்சு, படமும் வரைய வச்சிருக்காங்க."

அக்கா பதினாலைப் பார்த்தார், பதினைந்தைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோரும் மகாராணியையோ நேரேயோ பார்த்துக்கொண்டிருக்க, பதினைந்து மட்டும் பதினாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விரும்பியா கட்டுனாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? தாளில் அது இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில், 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாக்கா, விரும்பித்தான்" என்று அடித்துவிட்டேன். இந்தப் படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். சொன்னார் என்றாலும், வெள்ளிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அக்காவின் காம்பராவுக்கு அடுத்த அறையில் ஒருவர் வளர்ந்தார். பிறகு அவர் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினார். இரண்டு பேருடைய அம்மாக்களும் உறவுக்காரர்கள்கூட இல்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுப்பு வைத்து, அக்கா தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியவர்கள், அவ்வளவுதான். அந்த வாய்ப்பழக்கத்தில் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி ஆகிவிட்டார்கள். வயது வந்து இவர்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டது தெரிந்ததும், ரத்தத்தில் என்ன உறவு என்று எவரும் கேட்கவில்லை. தோட்டத் தலைவர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சின்னம்மான்னு கூப்பிட்ட வாயால அத்தைன்னு கூப்பிடுவியாடா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையோடு கதை முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தலைவர் மட்டும் அப்போது உயிரோடு இருந்திருந்தால் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த லொறிக்காரர் எங்கேயாவது போய்த் தொலைந்திருந்தாலும் அக்காவுக்கு ஆறியிருக்கும். போகவில்லை. நல்லதண்ணி ஊர்ப் பக்கமிருந்து பெண் எடுத்து, அதே லயத்தில் குடித்தனம் செய்தார். வழியில் பார்த்தால் 'என்ன தங்கச்சி, சௌக்கியமா' என்று கேட்பார். ஊர் வாயை அடைக்க அவருக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. அவர் மகள் பெரிய பிள்ளையானபோது அத்தை முறைக்கு முதல் தண்ணீர் ஊற்ற அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அக்கா புதுச்சேலை உடுத்திக்கொண்டு போய், மஞ்சள் தண்ணீரை அந்தப் பிள்ளையின் தலையில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். "நல்லா வளத்தியான புள்ள. அவரு சாயல்" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷமாக ஒரு மனுஷி தங்கச்சியாக இருந்து பார்த்தாலல்லவா தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

நான் இந்தக் கதையைக் கேட்ட நேரம் அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். தனியாக இருந்தார். இங்கே அக்காவும் தனியாக. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, உலகத்தை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம் என்ற திமிர். "இப்ப யாருக்கா கேக்கப்போறாங்க? போய்ப் பேசுங்க. கூடப்பிறந்தவங்க புள்ளைங்களே கட்டியிருக்காங்க, உங்களுக்கென்ன?" என்று நச்சரித்தேன். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். அக்கா ஒரு மாதம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் காலை, "புள்ள, இந்தப் படத்த ஒரு போட்டோ எடுத்துத் தாறியா? வாயால சொன்னா எனக்கு வராது" என்றார். அன்றைக்கு எடுத்ததுதான் இந்தக் கெட்டுப்போன படம். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து உள்ளங்கை அளவுக்கு அச்சடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார். மழைக்குமுன் மூடும் பனிமூட்டம் தேயிலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையிலிருந்து பார்த்தால் அந்தப் படிக்கட்டு தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி ஏறி வந்தார். நேரே சமையலறைக்குப் போய் முகம் கழுவினார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"படத்த ரொம்ப நேரம் பாத்தாரு புள்ள. யாரு யாருக்கு என்ன வேணும்னு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அப்புறம், 'வெள்ளக்காரங்களுக்கு ஏது மொற, தங்கச்சி'ன்னாரு. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். சீனி கூடிப்போச்சு."

படம் எங்கே என்று கேட்டேன். அங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தாராம். மறுநாள் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார். முறை கேட்கும் விளையாட்டு மட்டும் அதோடு நின்றுபோனது.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து தங்கினார். அருங்காட்சியகம் ஒன்றில் படங்களோடேயே வேலை செய்தவராம். என் ஒப்புவிப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த மாதிரிப் படங்களில் இருப்பவர்கள் இப்படி ஒரே இடத்தில் கூடி நின்றதே இல்லை என்றார். ஓவியர் ஒவ்வொருவரையும் வேறு வேறு நாளில் தனித்தனியாக உட்கார வைத்து வரைவார். வர முடியாதவர்களைப் போட்டோவைப் பார்த்து வரைந்துகொள்வார். பிறகு எல்லோரையும் ஒன்றாக ஒட்டவைப்பது அவர் வேலை. கலியாணங்களும் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தவைதான், ஆசைக்கு அங்கே அவ்வளவு இடமில்லை என்றும் சொன்னார். நான் பதினைந்தைப் பார்த்தேன். அப்படியானால் அந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தது பதினாலை அல்ல, ஓவியருடைய அறைச் சுவரை. தேநீர்த் தட்டோடு பின்னால் நின்ற அக்கா, "என்ன புள்ள சொல்றாங்க?" என்றார். "படம் ரொம்ப நல்லா இருக்காம்" என்றேன். இரண்டாவது பொய்.

அடுத்த வருஷம் லொறிக்காரர் இறந்துபோனார். நெஞ்சுவலி, அதிக நேரம் இழுக்கவில்லை. அக்காவோடு நானும் போனேன். அவர் காம்பராவுக்குள் அன்றைக்குத்தான் முதல்முறை நுழைந்தேன். சாமிப் படங்களுக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் ஓரத்தில் நான் எடுத்த படம் செருகியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மகாராணியும் பதக்கங்களும் அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தார்கள். வலது ஓரத்தில் ஒரே ஓர் இடம் விரல் பட்டுப் பட்டு மங்கிக்கிடந்தது. அங்கே ராஜவம்சத்தில் எவரும் இல்லை. வெளிச்சம் விழுந்து, துணியோடு ஓர் உருவம் நின்ற இடம் அது. பெரிய மனுஷா, இதை ஒரு சொல்லில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கேயே கத்தவேண்டும்போல இருந்தது.

வெளியே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரியில் முறை சொல்லித்தான் அழவேண்டும். மகள் அப்பா என்று அழுதாள். அக்கம்பக்கத்தார் மாமா என்றும் மச்சான் என்றும் அழுதார்கள். அக்கா உட்கார்ந்ததும் வட்டம் கொஞ்சம் அடங்கியது. கூடப்பிறவாத தங்கச்சி வந்திருக்கிறாள், அவள் குரல் எழும்பட்டும் என்று காத்திருந்தார்கள். அக்கா அழுதார். சொல்லே இல்லாமல், வெறும் சத்தமாக அழுதார். பக்கத்தில் இருந்த கிழவி தோளைத் தட்டி, "அண்ணேன்னு சொல்லி அழு ஆத்தா, மனசு ஆறும்" என்றாள். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிணம் தூக்கும்வரை எந்த முறையும் சொல்லாமலேயே அழுதுகொண்டிருந்தார். விரல் பட்டு மங்கிய அந்த இடத்தைப் பற்றி நான் அவரிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலா, இல்லை இன்னும் கொடுமையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது நான் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் இருக்கிறேன். போர்டிங் அறை, ஒரு ஜன்னல். எல்லோருக்கும் நான் 'மிஸ்'. நாள் முழுக்க எவரும் என்னை முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. பங்களாவைப் புதுப்பித்தபோது அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்கள், எங்கே போனதென்று மெனேஜருக்கும் தெரியாது. அக்கா வட்டகொடையில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை. போன மாதம் போன் எடுத்தபோது ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார்.

"புள்ள, அந்தப் படம் இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா."

"பதினஞ்சு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரா?"

போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தக் கெட்டுப்போன படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். பதினைந்தின் கண் போகிற பக்கமாகவே விரலை நகர்த்திக்கொண்டு போனேன். பதினாலைத் தாண்டி, விசிறிக்காரம்மாவைத் தாண்டி, வெளிச்சம் விழுந்த வலது ஓரத்தில் போய் நின்றது. அங்கே அக்கா துணியோடு நின்றார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காருக்கா" என்றேன்.