பங்கருக்குள் பதினைந்து நிமிடம்

தடித்த அட்டை போட்ட என் பழைய சி.ஆர். கொப்பி ஒன்றின் நடுப்பக்கத்தில், நீல மையில், பதினைந்து என்று ஓர் எண் இருக்கிறது. அதற்கு மேலே பத்தரை, பதினொன்று, பதினொன்று, மறுபடி பத்தரை. முப்பது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். தெரிந்தே பொய்யாக எழுதிய எண் அது ஒன்றுதான்.

அந்த நிமிடங்கள் என் மச்சாளுடையவை. அண்ணையின் மனைவி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்; என்னையும் மச்சாள் என்றே கூப்பிடுவார். அண்ணை கொழும்பில் வேலை. சண்டையில் பாதை பூட்டியதால் அவர் வரமுடியாமற் போக, தொண்ணூற்றொன்றில் கரவெட்டி வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்தான் இருந்தோம். மச்சாளுக்குச் சிறுவயது முதலே முட்டு, மூச்சிழுப்பு நோய். மூச்சுக்கு இழுக்கும் பம்ப் கொழும்பிலிருந்து வருவது நின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒன்றைக் காதருகே குலுக்கிப் பார்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். குண்டு போடும் பொம்பரைவிட, அதற்கு ஒளிய முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குத்தான் அவர் பயந்தார். உள்ளே இறங்கி மூன்று நிமிடத்தில், ஈரமண் நெடிக்கு நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை பொம்பர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறிப் போய் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்த எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

அதற்குப் பிறகுதான் கோயில் மண்டபத்தில் நடந்த யோகாசன வகுப்புக்குப் போய்ப் பழகினார். வீட்டில் செய்வதற்கு அண்ணையின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டார். “உம்மடை அண்ணை வந்து கேட்டா, எலி வெட்டிப்போட்டுது எண்டு சொல்லும்” என்றார். ஒரு மாதம் முற்றத்தில் செய்தார். பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு பங்கரின் முதற்படியில் போய் இருந்தார். கிழமைக்கு ஒரு படியாக இறங்கி, ஆறாவது கிழமை நிலத்தில் இருந்தார். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடவேண்டும். பொம்பர் வந்து, போட்டுவிட்டுத் திரும்ப அநேகமாகப் பதினைந்து நிமிடமாகிறது என்று என் குறிப்புகளில் கண்டிருந்தேன். அதுவே எங்கள் இலக்கு. நான் வாசலில் மணிக்கூட்டோடும் கொப்பியோடும் நிற்பேன். “சோதினை மண்டபத்திலை நிக்கிற மாதிரி நிக்கிறீர். உம்மைப் பார்க்கத்தான் எனக்கு முட்டு வருது” என்பார்.

பதினொன்றுக்கு மேல் போகாமல் மூன்று கிழமை கழிந்தது. ஒரு காலை மேலே வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தவர், “காணும் மச்சாள். இது எனக்குச் சரிவராது. நாளையிலிருந்து விடப்போறன்” என்றார். பிறகு கொப்பியைக் காட்டி, “எவ்வளவு?” என்றார்.

“பதினைஞ்சு” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். “அப்ப எழுதும்.” அவர் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன்.

அன்று பின்னேரம், மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு தாய், முட்டில் உதடு நீலமாகிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மச்சாள் அலுமாரியைத் திறந்தார். பிள்ளையின் வாயில் இரண்டு முறை பம்பை அடித்தார். பிறகு அதைத் தாயின் கையிலேயே வைத்துப் பொத்தி அனுப்பினார்.

“முழுசாக் குடுத்திட்டீங்களே” என்றேன்.

“எனக்குத்தான் பதினைஞ்சு வருதே.”

அடுத்த ஒன்பது நாளும் அரிசி மில் இரைந்தாலும் வானத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருடைய தைரியம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த நாலு நிமிடத்துக்கு நான்தான் பொறுப்பு. கொடுத்த பம்பைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அந்த நடுப்பக்கத்தைத் தொடாமல், நாட்குறிப்பில் மழையைப் பற்றி மட்டும் எழுதினேன்.

பத்தாவது நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பொம்பர் வந்தது. இறங்கினோம். முதற் குண்டுக்கே மேலே அடுக்கிய பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது. எட்டாவது நிமிடத்தில் மச்சாளின் நெஞ்சில் அந்த விசில் கேட்டது. இன்னும் மூன்று நிமிடம் அது ஏறிக்கொண்டே போனது.

“எவ்வளவு?” என்றார்.

“பதினொண்டு.” அதற்கு மேல் என்னால் அடக்கமுடியவில்லை. “அண்டைக்கும் பதினொண்டுதான் மச்சாள். நான் பொய் சொன்னனான்.”

“தெரியும்” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு அறுந்தது. “மூச்சை எண்ணுறவள் நான். எனக்குத் தெரியாதே?”

“பிறகேன் பம்பைக் குடுத்தனீங்கள்?”

என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார். “எண்ணும்.” நாலு எண்ணினேன். எட்டு எண்ணினேன். எட்டு வராமல் ஐந்தில் அறுந்தது. மறுபடி நாலிலிருந்து தொடங்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவருடைய வயிற்றைத் தவிர வேறெதிலும் என் கவனம் இருக்கவில்லை.

சத்தம் ஓய்ந்து மேலே வந்ததும் மாமரத்தடியில் சரிந்து இருந்தார். உதடுகள் சாம்பல் நிறமாக இருந்தன. மூச்சுச் சீராக மத்தியானமாகிவிட்டது. சீரானதும் கேட்ட முதற்கேள்வி, “எவ்வளவு?”

“பார்க்கேல்லை.”

“பதினைஞ்சு எண்டு எழுதும். உமக்குப் பழக்கம்தானே” என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று தெரியாது. அடுத்த மாதமே அவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சாள் இப்போது அண்ணையோடு கொழும்பில் இருக்கிறார். தலையணைக்கடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒன்று என்று மூன்று பம்ப் வைத்திருக்கிறார். பங்கரைத் தூர்த்துவிட்டோம். அந்த இடத்தில் பாயை விரித்து ஒவ்வொரு காலையும் அதே மூச்சுப் பயிற்சிக்கு நான் இருக்கிறேன். சில நாட்களில் பலாலிப் பக்கம் விமானம் ஒன்று போகும். பயணிகள் விமானம்தான், தெரியும். நாலு எண்ணி இழுத்த மூச்சு அந்த நேரத்தில் எட்டுவரை வருவதில்லை, ஐந்தில் அறுகிறது. ஐந்து என்றே எழுதுகிறேன். பழைய கொப்பியில் பதினைந்துக்குக் கீழே, அந்தப் பத்தாவது நாளின் திகதி மட்டும் போட்ட கோட்டில், இன்னும் எதுவும் எழுதவில்லை.