ஷரிபுதீன் ஏறி இறங்கிய கடைகள்

ஆதம்லெவ்வை ஷரிபுதீன், 1952–2025. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் களஞ்சியமொன்றின் காப்பாளராகக் கடமையாற்றினார். மனைவி சுல்பிகா. பிள்ளைகள் இல்லை.

ஊர் அவரை அறிந்தது களஞ்சியத்தால் அன்று, கஞ்சியால். எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்பு மாதம் முழுவதும் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சி வீடுகளுக்குப் பகிர்வது வழமை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. ஆதலால் அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் ஒருநாள் இருந்த அளவில் மறுநாள் இரா. உப்புக்குக் கணக்கு வைக்க இயலாது. காய்ச்சுகிறவரோ நோன்பாளி. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட மார்க்கத்தில் இடமுண்டு என்று மௌலவிமார் சொல்வார்கள். எனினும் எங்கள் தெருவில் எவரும் அதற்குத் துணிவதில்லை.

ஷரிபுதீன் கஞ்சி கொதிக்கும் பெரிய கிடாரத்தின் மேல் குனிந்து ஆவியை இழுப்பார். சமையற்காரர் சரீப் பிடி பிடியாக உப்பைப் போட்டுக் கிண்டுவார். ஏதோ ஒரு பிடியில் ஷரிபுதீன் "போதும்" என்று நிமிர்வார். உப்புச் சேர்ந்த கஞ்சியின் ஆவி தொண்டைக்குள் இறங்கும், சேராதது மூக்கோடு நின்றுவிடும் என்பது அவர் சொன்ன விளக்கம். விஞ்ஞானம் இதை ஏற்குமோ அறியேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் பிழைத்ததில்லை என்பதற்கு, அடுத்த வீட்டுக்காரனாகிய நானும் சாட்சி.

2021 ஆகஸ்டில் அவருக்குக் கொரோனா கண்டது. பதினான்கு நாளில் எழுந்து நடமாடினார். மணமும் ருசியும் மட்டும் திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பும், சிலருக்கு நாள் செல்லும் என்றார் வைத்தியர். அடுத்த நோன்புக்கு ஏழு மாதம் இருந்தது. அதற்குள் மூக்கு வந்தாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைவு இருக்கவில்லை. விஷயத்தை என்னிடம் மட்டுமே சொன்னார். சுல்பிகா ஒவ்வொரு வேளையும் சோற்றைப் போட்டுவிட்டு, "உப்புக் காணுமா?" என்று, போதுமா என்ற பொருளில், கேட்பார். "காணும்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊட்டுச் சாப்பாட்டுக்கு மூக்குப் பழகிப்போச்சு," என்றார் ஒருநாள். "பழகாத ஒண்டு வேணும். எங்கயாவது ஒரு கடையில அது கிடக்கும்."

அன்று முதல், பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் நாளுக்கு ஒரு கடை என்று முறை வகுத்துக்கொண்டார். வடக்கே மருதமுனையில் தொடங்கி, தெற்கே அக்கரைப்பற்று வரை ஒரு கடையையும் விடுவதில்லை. ஒரு சுற்று முடியாமல் எந்தக் கடைக்கும் மறுமுறை போவதில்லை. அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்னிருக்கை என்னுடையது. மருதமுனையில் நெசவுக்காரர் குடிக்கும் இஞ்சித் தேத்தண்ணி, கல்முனை பஸ் நிலையத்தடியில் இரும்புத் தட்டு அதிரக் கொத்தும் கொத்துரொட்டி, காரைதீவில் சட்டியோடு வைத்த எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும், நிந்தவூரில் எண்ணெய் சொட்டும் மஸ்கட் இனிப்பு. பாத்திரத்தை இரு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, மூன்று முறை முகர்வார். பிறகு நாக்கில் வைப்பார். பிறகு ஒரு பருக்கையும் மிஞ்சாமல் உண்டு, கடைக்காரரிடம் "நல்லம்" என்று சொல்லி எழுவார். மிளகாய் எரித்தது, ஐஸ் குளிர்ந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இந்தச் சுற்றுலாவுக்கு ஊர் வேறு பொருள் கற்பித்தது. சாய்ந்தமருதில் பலூடாக் கடை வைத்திருக்கும் முஸ்தாக் ஒருநாள் வாய்விட்டே கேட்டான்.

"என்ன காக்கா, ஊட்ட அடுப்புப் பத்துறல்லயா? இல்லாட்டி சுல்பிகா ராத்தா அடிச்சித் துரத்திட்டாவா?"

"அடிச்சது மெய்தான். முஸ்தாக்குட கடையில போய்த் திண்டுட்டு வா எண்டுதான் அடிச்சா. அதவிடப் பெரிய தண்டன அவவுக்குத் தெரியாதாம்."

"அப்ப முடிச்சிட்டு நல்லம் எண்டுறீங்களே?"

"மவுத்தாகி மண்ணுக்குள்ள போனவனையும் எல்லாரும் நல்லவன் எண்டுதான்டா சொல்ற."

கடை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். வெளியே வந்ததும், "ஐஸ் மட்டும்தான் விளங்கிச்சு," என்றார்.

பாண்டிருப்பில் தோசைக்கடை வைத்திருக்கும் பூமணிதான் கண்டுபிடித்தார். நோன்புக் காலத்தில் எங்கள் பள்ளிக் கஞ்சி ஒரு பாத்திரம் அவர் வீட்டுக்கும் போகும். ஷரிபுதீனின் உப்பை நாவால் அறிந்தவர். அது நவம்பர் மாதம். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, மேசையைத் துடைக்கும் சாக்கில் அருகே வந்தார்.

"காக்கா, இண்டைக்குச் சம்பலுக்கு நான் உப்புப் போட மறந்திட்டன். நாலு பேர் திருப்பித் தந்திட்டாங்க. நீங்க மூணு தரம் கேட்டு வாங்கித் திண்டிட்டீங்க."

ஷரிபுதீன் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார்.

"எப்ப இருந்து?"

"ஆகஸ்ட்டுல இருந்து."

"ராத்தாக்குத் தெரியுமா?"

"தெரியா. நீங்களும் கதைச்சிராதீங்க புள்ள."

"நான் ஏன் கதைக்கிறன். ஆனா நோன்பு வருதே. சரீப் காக்காட்டயாவது சொல்லி வைங்க."

"அதுக்குள்ள வந்திரும்."

"வராட்டி, மறுகா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அன்று அவர் "நல்லம்" சொல்லவில்லை. அதன்பின் அந்தக் கடைக்குப் போகவுமில்லை.

2022 மார்ச் 24, வியாழக்கிழமை. பெற்றோலுக்கு வரிசை நீண்டிருந்த காலமாதலால் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போனோம். பஸ் சந்திக்குப் பின்னால் நாச்சியா என்ற பெண் சிறு கோப்பைகளில் வட்டிலப்பம் அவித்து விற்கும் கடை. ஷரிபுதீன் கண்ணை மூடி முகர்ந்தார். இரண்டாம் முறை முகர்ந்தார். மூன்றாவது முறையில் கண்ணைத் திறந்தார்.

"ஏலம்," என்றார். "மெய்யா ஏலம் மணக்குது."

நானும் அதே தட்டத்திலிருந்து ஒரு கோப்பை எடுத்திருந்தேன். எனக்கு ஏலம் மணக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் எங்கள் தெருவில் மூக்கு என்றால் அவருடையதுதான். அவருடைய மூக்கை நம்பினேன், என்னுடையதை நம்பவில்லை.

போராட்டங்களை அடக்க அரசாங்கம் போட்ட ஊரடங்கு காரணமாக அவ்வருடம் முதல் நோன்புக்குக் கஞ்சி காய்ச்சவில்லை. இரண்டாம் நோன்பன்று, ஏப்ரல் 4, திங்கட்கிழமை, ஷரிபுதீன் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, கிடாரத்தடியில் போய் நின்றார். சரீப் உப்பைப் போடத் தொடங்கினார். ஐந்தாம் பிடியோடு வழமையாக முடியும். அன்று ஆறு போயிற்று; ஏழும் எட்டும் போயின. சரீப் அகப்பையை நிறுத்தினார்.

"காணும் போல கிடக்கு, காக்கா?"

"இன்னம் ஒரு பிடி."

சரீப் மறுபேச்சின்றிப் போட்டார். "போதும்" என்று ஷரிபுதீன் நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் இருந்த தெளிவை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையை எடுத்தோம். ஒரு மிடறு போதுமாயிருந்தது. பகல் முழுவதும் தண்ணீர் காணாத தொண்டையில் அது கடல்நீர். வரிசையில் இருந்த எவரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. உணவைக் குறை கூறுதல் எங்களிடம் வழக்கமில்லை. அவரைக் குறை கூறுதல் அதைவிட இல்லை. ஒரு மிடறு கஞ்சி, ஒரு மிடறு தண்ணீர் என்று தலை குனிந்து குடித்து முடித்தார்கள். ஷரிபுதீன் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்குப் போன பாத்திரத்திலிருந்து சுல்பிகா ஒரு கரண்டி குடித்திருந்தார். அதன்பின் நடந்ததைப் பல மாதம் கழித்து அவரே எனக்குச் சொன்னார். கணவர் வந்து அமர்ந்ததும், மிஞ்சிய கஞ்சியை முன்னால் வைத்து, "உப்புக் காணுமா?" என்று கேட்டாராம். "இண்டைக்கு நல்ல அளவாக் கிடக்கு," என்றாராம் இவர். சுல்பிகா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியை அவர் பிறகு எந்த வேளையிலும் கேட்கவில்லை.

மறுநாள் ஷரிபுதீன் பள்ளிக்குப் போனபோது கிடாரம் மூடியிருந்தது.

"உப்புப் போட்டாச்சு காக்கா," என்றார் சரீப், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க ஏன் இந்த வெக்கையில நிக்கிறீங்க? போய்க் கொஞ்சம் படுங்க."

அவர் படுக்கப் போகவில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வா, அக்கரைப்பற்றுக்கு," என்றார்.

நாச்சியா நோன்பு திறக்கும் நேரத்து வியாபாரத்துக்குக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புள்ள, போன மாசம் நாங்க வந்த அண்டைக்கு வட்டிலப்பத்துக்கு ஏலம் எவ்வளவு போட்ட?"

"ஏலமா? எங்க போட, வாப்பா? விக்கிற விலைக்கு இந்த வருசம் பொறந்து ஏலத்தக் கண்ணாலயும் காணல்ல. முட்டையும் பாலும் கருப்பட்டியும்தான். ஏன், ஏதும் பிழையா?"

"இல்ல புள்ள. பிழை ஒண்டுமில்ல."

திரும்பும் பஸ் காரைதீவைத் தாண்டியது. அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அண்டைக்கு உனக்கு ஏலம் மணந்ததா?"

"இல்ல."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

இறங்குமிடம் வருமுன்பே நான் எழுந்து பஸ்ஸின் மணியை அடித்தேன்.

சரீப் இப்போது ஒரு பால்மாத் தகரப் பேணியால் உப்பு அளக்கிறார். சில நாள் கூடும், சில நாள் குறையும். யாரும் முறையிடுவதில்லை. ஷரிபுதீனுக்குப் பள்ளியில் அதே மரியாதை இருந்தது. முதல் கோப்பை அவருக்கே போயிற்று. கிடாரம் இருந்த பக்கம் அவர் போனதில்லை.

கடைகளுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். முதற் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் நடந்தன. பழைய கடைகள் சில மூடப்பட்டன, புதியவை திறந்தன, அவற்றையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார். முகர்வதும் உண்பதும் முறை மாறவில்லை. "வந்திரும்" என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

2025ஆம் ஆண்டு நோன்பின் ஒன்பதாம் நாள், விடியுமுன் சஹர் உணவுக்குச் சுல்பிகா எழுப்பியபோது அவர் எழவில்லை.

அதற்கு முன், நோன்புக்கு இரண்டொரு நாள் இருக்கையில், முஸ்தாக்கின் கடைக்குப் போனோம். பலூடா வந்தது. கண்ணாடிக் குவளையை இரு கையாலும் ஏந்தி, மூன்று முறை முகர்ந்தார். குடிக்கவில்லை.

"முஸ்தாக், இதுக்க என்னென்ன போட்டிரிக்க? ஒண்டொண்டாச் சொல்லு."

முஸ்தாக் பகடி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவருடைய முகத்தைப் பார்த்து அடங்கினான். "றோஸ் பாணி, காக்கா," என்றான். "மறுகா பால். கசகசா. ஜெலி. மேல ஐஸ்கிறீம், வனிலா. அதுக்கு மேல கஜு கொஞ்சம்."

கண் மூடியபடியே அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பிறகு மிச்சமில்லாமல் குடித்து, "நல்லம்" என்று சொல்லி எழுந்தார். அவர் கடைசியாக ஒரு கடையில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தது, 2025 பெப்ரவரி 27, வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.