இடப்பக்கம் இறங்கியவர்கள்

வேலை முடிந்ததும் நாலு வேற்றுக்கிரகவாசிகளையாவது சுட்டுத் தள்ளாமல் வீட்டுக்குப் போகாத மனுஷன் நம் கிரேன்காரர். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாக அந்த வீடியோ கேம் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டால் கழுத்துப் பிடிப்பு, திருப்ப முடியவில்லை என்பார்.

கழுத்துக்கு ஒன்றுமில்லை. நேரே பார்த்தால் இடப்பக்கம் இருப்பதெல்லாம் புகைக்குள் போனது போல மறைந்தது. மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் கிரேனைவிட்டு இறக்கிவிடுவார்கள். அந்தக் கூண்டைவிட்டால் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று அவருக்குப் பயம். கீழே சுமைக்குப் பக்கத்தில் நின்று கையால் சைகை காட்டுபவனோ மனைவியின் தம்பி.

அன்று அவன் விடவில்லை. "ஒரே ஒரு ஆட்டம் மாமா. விரல்தானே ஆடப்போகுது?"

மறுத்தால் சந்தேகம் வரும். போய் நின்றார்.

திரையில் பச்சை உருவங்கள் வரிசைகட்டி நகர்ந்தன. ஓரம் தொட்டால் ஒரு படி இறங்கும். தரை தொட்டால் ஆட்டம் முடிந்தது. வலப்பக்கத்தை அவர் துடைத்தெடுத்தார். இடப்பக்கத்துக்கு மட்டும் கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்து நல்லாத் திரும்புதே மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. கழுத்தை விறைத்துக்கொண்டார். உடனே பாதித் திரை காணாமல் போனது. குத்துமதிப்பாகச் சுட்டார். ஆள் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடியது. கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சி, வலக்கோடியிலிருந்து கண்ணெதிரே ஓடிப் புகைக்குள் நுழைந்தது. திரும்பி வரட்டும், அடிக்கலாம் என்று பட்டனில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

"அது இறங்கிடுச்சு மாமா," என்றான் மச்சான். "உங்க துப்பாக்கிக்குப் பக்கத்துலயே."

அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

"கண்ணா மாமா? சொல்லுங்க. அக்காகிட்டகூட நான் வாயத் திறக்க மாட்டேன்."

திறக்க மாட்டான்தான். திறக்காமல் நாளைக் காலையும் வந்து சுமைக்குப் பக்கத்தில் நிற்பான். அதை நினைத்ததும் கிரேன்காரர் அங்கேயே நின்றபடி போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு வேற ஆள ஏத்துங்க. எனக்கு இடது பக்கம் பார்வை தெரியல." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். "இன்னொன்னு சார். போன வாரம் இரும்புக் கட்டு என் மச்சான் தலைய உரசப் பாத்துச்சே, தப்பான இடத்துல நின்னான்னு அவனத் திட்டினீங்களே. அவன் சரியான இடத்துலதான் நின்னான். நான்தான் அவனப் பாக்கல."

மச்சானின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.