இசபெல் மகள் சாலம்மாள்

சாலம்மாளின் மகள் வசந்தாமணியைப் பெண் கேட்டு வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமலே எழுந்து போனது 1936 தை மாதம். சாலம்மாளின் பெரியப்பா பெரியசாமி சபையில் சொன்ன ஒரு சொல்தான் காரணம்.

"பொண்ணோட அம்மாயிய, அவ ஆத்தாளப் பெத்தவளப் பத்திக் கேக்காதீங்க. மலாய்க் காட்டுல என் தம்பிக்கு எங்கியோ கிடைச்ச பொம்பளை. ஊரும் தெரியாது, பேரும் தெரியாது."

சாலம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "பேரு இசபெல். ஊரை நான் கண்டுபிடிச்சுச் சொல்றேனுங்க, பெரியப்பா. அதுவரைக்கும் எங்க ஊட்டு வாசப்படி ஏறாதீங்க."

அவளுடைய அப்பன் காளியப்பன் நாமக்கல் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் ரயில் வேலைக்குப் போனவன். நாலு வயதில் அவளுக்குத் தாய் இறந்து போனாள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் இங்கிலீஷ் படித்த மகளைப் பத்து வயதில் ஊருக்குக் கூட்டி வந்தான். மனைவியைப் பற்றிக் கடைசிவரை அவன் வாயே திறக்கவில்லை.

அப்பனோடு வேலை பார்த்த அர்த்தநாரி கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருப்பது அவளுக்குத் தெரியும். மறுவாரமே பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மலாய்க்காரியா? எவன் சொன்னான்?" அர்த்தநாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க மணிலாப் பக்கத்து ஆளுங்க, அம்மிணி. உங்க தாத்தன் கவர்மெண்டு பேண்டுல கிளாரினெட் ஊதுனவரு. கல்யாணம் மாதா கோயில்லதான் நடந்துச்சு. உங்கப்பனுக்கு மாப்பிள்ளைத் தோழன் நானு."

"எந்த வருசமுங்க, மாமா?"

"வருசமெல்லாம் எனக்கெங்க சாமி நினைப்பிருக்குது?"

வீடு திரும்பியதும் கோலாலம்பூரிலிருந்த அந்த மாதா கோயில் சாமியாருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இசபெல் என்று பதிவேட்டில் பலபேர் இருக்கிறார்கள், ஆண்டு தெரியாமல் தேட முடியாது என்று எழுதியிருந்தார்.

"போதும் விடு" என்றான் அவள் கணவன் சென்றாயன். "இனி யாருக்குக் காட்டோணும்?"

"எனக்குத்தானுங்க" என்றாள்.

மறுபடியும் அர்த்தநாரியிடம் போனாள். இம்முறை வருசம் கேட்கவில்லை. கல்யாணச் சமயத்தில் கோலாலம்பூரில் வேறு என்ன நடந்தது என்று கேட்டாள். கிழவர் யோசித்து யோசித்து, காளியப்பனின் மாமனார் எட்வர்டு ராஜாவுக்கு முடிசூட்டிய விழாவுக்குப் பேண்டு வாசித்துவிட்டு, அதற்கடுத்த வாரம் மகள் கல்யாணத்துக்கும் வாசித்தார் என்றார். பள்ளியில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது: 1902. அந்த வருசத்தைக் குறித்துச் சாமியாருக்கு மறுபடி எழுதினாள்.

ஐப்பசியில் பதிவேட்டின் நகல் வந்தது. இசபெல் ரேலாத்தோ. தகப்பன் ஹுவான், தாய் தொமாசா. பிறந்தது மணிலா இருக்கிற அதே பிலிப்பைன்ஸ் தீவுகளில், அல்பாய் மாகாணம், ஓவாஸ். சாமியார் கூடுதலாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: ஸ்பானியர்கள் குடும்பப் பெயர் கொடுத்தபோது சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் பெயர் வைத்தார்களாம். ஓவாஸ்காரர்கள் பலருக்கும் 'ர'தான் முதலெழுத்து. பெயரே ஊரைச் சொல்லிவிடும்.

சாலம்மாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தாய் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தத் தாய்க்கும் ஒரு தாய் இருந்தாள், தொமாசா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பாள். அன்றைக்கே ஓவாஸ் கோயிலுக்கு எழுதினாள்.

போன சம்பந்தம் திரும்பி வரவில்லை. அவளும் தேடிப் போகவில்லை. அடுத்த வருசம் திருச்செங்கோட்டிலிருந்து வேறு வீட்டார் வந்தார்கள். அவர்கள் கேட்கும் முன்னே சாலம்மாள் சபை நடுவில் நின்றாள்.

"பொண்ணோட அம்மாயி இசபெல். அவங்கப்பன் ஹுவான், அம்மா தொமாசா. ஊரு ஓவாஸ், கடல் தாண்டி. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. இதுல எதையும் நாங்க மறைக்கறதில்லைங்க. சம்மதம்னா உக்காருங்க."

மாப்பிள்ளையின் தாய் பொன்னாயி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்கூட்டுல என் அம்மாயியோட அம்மா பேரு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஓவாஸிலிருந்து பதில் வருவதற்கு இன்னும் ஒன்பது மாதம் ஆனது. தொமாசாவின் தங்கை பேரன் ஒருவன் எழுதியிருந்தான். மலாயாவுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம்.